பைபாஸுக்குப் பிறகு மூன்றாம் நாள்

ராமநாதபுரம் கரையோரத்தில் இருக்கும் எங்கள் புதுமடத்தில் ஒருவருக்கு பைபாஸ் என்று முடிவாகிவிட்டால் அந்த வீட்டில் என்னென்ன விசாரிப்பார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், அவருக்குக் கைராசி எப்படி, காப்பீட்டு அட்டை செல்லுமா, ரத்தம் எத்தனை யூனிட் கொடுக்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் மகன் ஆஞ்சியோ அறிக்கையை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பான். மயக்க மருந்து கொடுக்கப்போகிறவர் யார், என்ன மருந்து கொடுப்பார், அது தெளியும்போது என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த டாக்டரே கட்டிலருகில் வந்து நிற்பார். வாயைத் திறக்கச் சொல்வார், பல் ஆடுகிறதா என்று பார்ப்பார், ஏழெட்டுக் கேள்வி கேட்பார், ஒரு தனிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார். வீட்டார் அதை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். நோயாளி எப்படித் தேறி எழுவார் என்பதில் அந்தச் சில நிமிடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றால் இந்தக் கரையோரத்து மக்கள் பெரும்பாலும் மதுரைக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சைக்கு ஐம்பது வருஷ வரலாறு இருக்கிறது. 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் ஏற்பாடு, இதைக் கூலி வேலை செய்கிறவர் வீட்டுக்கும் எட்ட வைத்தது. ஆகவே மயக்க மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்வது இன்று எல்லா வீட்டுக்கும் வேண்டிய விஷயம்.

ஆபரேஷன் தியேட்டரில் கொடுப்பது ஒரே ஊசி இல்லை. பயத்தைத் தணித்து, நடப்பது நினைவில் பதியாமல் செய்ய மிடாசோலம். வலி தெரியாமலிருக்க ஃபென்டனில். தூக்கத்தில் ஆழ்த்த புரோபோஃபால் அல்லது எட்டோமிடேட். உடம்பு அசையாமலிருக்கத் தசைகளைத் தளர்த்தும் மருந்து. அதன்பின் மூச்சோடு கலந்து உள்ளே போகும் ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற வாயு மருந்துகள். புரோபோஃபாலைப் பார்த்தவர்கள் பால் போல இருக்கிறதே என்பார்கள். சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் கலந்த மருந்து அது, வெள்ளை நிறம் அதனால்தான்.

மற்ற ஆபரேஷன்களில் இல்லாத ஒரு சங்கடம் இதய ஆபரேஷனில் உண்டு. ஏற்கெனவே பலவீனமான இதயம். மயக்கத்தை ஆழப்படுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். லேசாக விட்டால் நோயாளிக்கு நடுவில் உணர்வு வந்துவிடும் ஆபத்து. இதயத்தை நிறுத்திவிட்டு ரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரம் வழியே ஓட்டும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. இயந்திரத்தின் குழாய்களில் முன்கூட்டியே நிரப்பியிருக்கும் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட திரவம் ரத்தத்தோடு கலக்கிறது. அதுவரை கொடுத்திருந்த மருந்து நீர்த்துப்போகிறது. மயக்க டாக்டர் அந்த நேரத்தில் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

இந்தச் சங்கடத்துக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். 1969-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் எட்வர்ட் லோவன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும், மோசமான இதய நோயாளிகளுக்கும் அதிக அளவு மார்ஃபினைக் கொடுக்கலாம், ரத்த அழுத்தம் அவ்வளவாக ஆடாது என்று எழுதினார்கள். அந்த முறை பரவியது. இதயம் தாங்கியது, ஆனால் நோயாளி மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரைக்கும், வென்டிலேட்டரிலேயே கிடந்தார். 1990-களில் மருந்தின் அளவைக் குறைத்துச் சீக்கிரம் எழுப்பிவிடும் முறை வந்தது. இப்போது சிக்கல் இல்லாத பைபாஸ் நோயாளிக்கு, ஐ.சி.யூ.வுக்கு வந்த சில மணி நேரத்திலேயே தொண்டைக் குழாயை எடுத்துவிடவே முயல்கிறார்கள். குழாய் சீக்கிரம் வெளியே வந்தால் நுரையீரலில் சளி கட்டாது, இருமிச் சளியை வெளியேற்றலாம், எழுந்து உட்காரலாம்.

மிடாசோலம் இந்தக் கதையில் நெடுங்காலம் நிலைத்து நின்ற மருந்து. ரத்த அழுத்தத்தை அதிகம் குலைக்காமல் நினைவை மறக்கடிக்கும் என்பதால் இதய ஆபரேஷன்களில் அதை விடாமல் கொடுத்துவந்தார்கள். அதன் குறை வயதானவர்களிடம்தான் தெரிகிறது. எழுபது வயது உடம்பு அதைச் சிதைக்க நேரமெடுக்கும். கல்லீரல் சிதைத்த பிறகும் அதில் மிஞ்சும் பொருளுக்கு மயக்கும் குணம் கொஞ்சம் உண்டு. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இருபது வருஷ சுகரில் சிறுநீரகம் களைத்துப்போன ஒருவருக்கு, கடல் வற்றிய பிறகும் பாறைப் பள்ளத்தில் நிற்கிற தண்ணீராக அது தேங்கிவிடுகிறது. முதியோருக்கு இந்த வகை மருந்துகளை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் பல வருஷங்களாகவே எச்சரிக்கிறது.

இனி மூன்றாம் நாளுக்கு வருவோம். இதய ஐ.சி.யூ. வாசலில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "வாப்பா என்னையவே யாருன்னு கேக்குறாக. செவுத்துல எறும்பு ஊருதுங்குறாக. லாஞ்சு கெளம்புது, நான் போவணும்னு மூக்குல இருக்குற டியூபப் புடுங்கப் பாக்குறாக. கையைக் கட்டிப்போட்டுருக்காக. நேத்து நல்லாத்தானே பேசுனாக! மயக்க மருந்தைக் கூடுதலாக் குடுத்துட்டாகளா?" நர்ஸ் சொல்லும் பதிலும் பழகியதுதான். "நிறையப் பேருக்கு வரும்மா. ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும்."

நர்ஸ் சொன்னது பொய் இல்லை, முழு விவரமும் இல்லை. இதன் பெயர் டெலிரியம், அதாவது திடீரென்று வரும் மனக்குழப்பம். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களுக்குள் வரும். காலையில் தெளிவாக இருப்பார், ராத்திரியில் ஆளே மாறிவிடுவார். நாள், இடம், ஆள் எல்லாம் குழம்பிப்போகும். இல்லாததைப் பார்ப்பார். கத்தி ரகளை செய்கிற வகையை எல்லோரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொரு வகை சத்தமில்லாதது. கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார், கூப்பிட்டால் 'ம்' என்பார், சாப்பாடு வேண்டாம் என்பார். "பாவம், அசந்து தூங்குறாக" என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். இந்த இரண்டாவது வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. அதனால் அதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

வீட்டாரே செய்து பார்க்கக்கூடிய சின்னச் சோதனை ஒன்று இருக்கிறது. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. பள்ளிக்கூடம் போகாதவர்களும் தெளிந்த புத்தியோடு இருந்தால் தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடுவார்கள். நேற்றுச் சொன்னவர் இன்று இரண்டாவது கிழமையிலேயே வழி தவறி வேறெதையோ பேசுகிறார் என்றால் அதை உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அவருடைய வழக்கமான பேச்சு எது, வழக்கத்துக்கு மாறானது எது என்று பிரித்தறியக்கூடியவர் அந்த ஆஸ்பத்திரியிலேயே நீங்கள் ஒருவர்தான்.

'ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும்' என்பதில் விட்டுப்போனது என்ன? 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று, இதய ஆபரேஷன் செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 225 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்தது. 46 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. ஆறு மாதம் கழித்து நினைவாற்றலையும் சிந்தனையையும் சோதித்தபோது, டெலிரியம் வராதவர்களில் 24 சதவீதம் பேர் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருந்தார்கள். வந்தவர்களில் அது 40 சதவீதம். ஒரு வருஷத்தில் இந்த இடைவெளி சுருங்கியது. பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்பது உண்மை, சிலருக்கு அது மாதக்கணக்கில் இழுக்கிறது என்பதும் உண்மை. கடைக் கணக்குப் பார்த்துவந்த பெரியவருக்குக் கூட்டல் தடுமாறினால், அது சோம்பலோ வயதோ அல்ல, இன்னும் ஆறாத மூளை என்று வீட்டார் தெரிந்துவைத்திருப்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

மயக்க மருந்தை மாற்றினால் இந்தக் குழப்பத்தைத் தடுத்துவிடலாமா? இருபது வருஷமாக மருத்துவர்கள் இந்தக் கேள்வியின் பின்னால் ஓடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1999-ல் அனுமதி பெற்ற டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்துமேல் பெரிய நம்பிக்கை இருந்தது. மிடாசோலமும் புரோபோஃபாலும் மூளை முழுவதையும் அமுக்கி உறங்கவைக்கின்றன. இது மூளைத்தண்டில் விழிப்பைக் காக்கும் ஒரு சின்ன மையத்தை மட்டும் அடக்குகிறது. அதனால் வரும் உறக்கம் இயல்பான தூக்கத்துக்கு அருகில் இருக்கும். தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் கண் விழித்துப் பதில் சொல்லி மறுபடி உறங்கிவிடுவார். மூச்சையும் அதிகம் தடுக்காது. கனடாவின் டொரன்டோவில் 60 வயதுக்கு மேற்பட்ட 183 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் புரோபோஃபால் பெற்றவர்களில் 31.5 சதவீதம் பேருக்கும் இந்த மருந்து பெற்றவர்களில் 17.5 சதவீதம் பேருக்கும் டெலிரியம் வந்தது. ஏறக்குறைய பாதி. எல்லோரும் மகிழ்ந்துபோனார்கள்.

பெரிய ஆய்வு வந்தபோது அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 'டெகேட்' என்ற ஆய்வு அமெரிக்காவில் ஏறத்தாழ 800 இதய நோயாளிகளிடம் நடந்து 2020-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ஆபரேஷன் தொடங்கும்போதே டெக்ஸ்மெடிடோமிடினை ஆரம்பித்து 24 மணி நேரம் கொடுத்தார்கள். வெறும் உப்பு நீர் பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, மருந்து பெற்றவர்களில் 17 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பயன் இல்லை என்பது தெளிவு. இதயத் துடிப்பு தாறுமாறாகும் சிக்கலும் குறையவில்லை. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடும் குணம் இந்த மருந்துக்கு உண்டு. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தால் குழப்பம் கூடத்தானே செய்யும்?

மூளையின் மின்னலைகளைப் பார்த்துப் பார்த்து மயக்க வாயுவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக் கொடுத்தால்? கனடாவில் 1140 இதய நோயாளிகளிடம் அதையும் செய்தார்கள். 2024-ல் முடிவு வந்தது: குறைத்துப் பெற்றவர்கள், வழக்கம்போலப் பெற்றவர்கள் என்று இரு பக்கமும் டெலிரியம் 18 சதவீதம்தான்.

கடைசியாக மிடாசோலம். வட அமெரிக்காவின் 20 இதய மையங்கள் சேர்ந்து, ஒரு மாதம் போல அதைக் கூடியவரை தவிர்ப்பது, அடுத்த மாதம் வழக்கம்போலக் கொடுப்பது என்று மாறி மாறிச் செய்து பார்த்தன. மொத்தம் 19,768 நோயாளிகள். 2025-ல் வந்த முடிவின்படி, டெலிரியம் கொடுத்த காலங்களில் 14.9 சதவீதம், தவிர்த்த காலங்களில் 14 சதவீதம். மருந்தால் ஆன வித்தியாசம் என்று உறுதியாகச் சொல்ல இந்த இடைவெளி போதவில்லை. ஆனால் இந்த ஆய்வில் வேறொரு நல்ல சேதி இருந்தது. மிடாசோலம் இல்லாவிட்டால் ஆபரேஷன் நடுவில் உணர்வு வந்துவிடுமே என்று டாக்டர்கள் பயந்தார்கள். அப்படி நடந்ததாக எந்த நோயாளியும் தானாக முன்வந்து சொல்லவில்லை.

இதிலிருந்து வீட்டார் எடுத்துக்கொள்ள வேண்டியது, "எங்க வாப்பாவுக்கு இந்த மருந்து வேணாம், அந்த மருந்து போடுங்க" என்று சண்டை பிடிப்பது அல்ல. எந்த ஒரு மருந்தும் தனியாகக் குற்றவாளி இல்லை, எந்த ஒரு மருந்தும் காவலாளியும் இல்லை. குழப்பம் வந்துவிட்டால் 'மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள்' என்று ஒருவர்மேல் பழி போடுவதில் பொருளில்லை. வயது, முன்பு வந்த பக்கவாதம், ஏற்கெனவே குறைந்துவந்த நினைவு, சுகர், சிறுநீரகம், இயந்திரத்தில் இருந்த நேரம், வலி, காய்ச்சல், உப்புக் குறைவு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து தள்ளிவிடுகிற பள்ளம் அது.

இவற்றில் சிலது உங்கள் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஷாரன் இனூயே, பொது வார்டில் சேர்ந்த 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரிடம் செய்த ஆய்வு 1999-ல் வெளிவந்தது. புது மருந்து எதுவும் கிடையாது. இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று அடிக்கடி சொன்னார்கள். மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள், எழுப்பி நடக்க விட்டார்கள். ராத்திரியில் தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பாலும் முதுகு நீவிவிடுவதும். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது. அவர்கள் இதய ஆபரேஷன் நோயாளிகள் அல்ல, அதனால் இந்த எண்ணை மேலே சொன்னவற்றோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் விலையுயர்ந்த மருந்துகள் அசைக்க முடியாத ஒன்றை ஒரு மூக்குக்கண்ணாடியும் ஒரு தம்ளர் பாலும் அசைத்தன என்பது என்னை இன்றைக்கும் நெகிழவைக்கிறது.

ஐ.சி.யூ.வில் ஜன்னல் இருக்காது, விளக்கு அணையாது, ஏ.சி. குளிர், மெஷின் சத்தம். கண்ணாடி பையில் கிடக்கும், பல்செட் வீட்டுக்குப் போயிருக்கும். அறுபது வருஷம் பாங்கு சத்தத்தை வைத்தே பொழுதைக் கணித்து வாழ்ந்த மனிதருக்கு அங்கே பொழுது என்பதே இல்லை. உங்களுக்குக் கிடைக்கிற பத்து நிமிடத்தில் அழாதீர்கள். கண்ணாடியை மாட்டிவிடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, நான் உங்க மக. இது மதுரை ஆஸ்பத்திரி. ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருச்சு. இப்ப அஸர் முடிஞ்சு மக்ரிப் ஆகப்போவுது, இன்னைக்கு வியாழக்கெழம" என்று மெதுவாகச் சொல்லுங்கள். எறும்பு ஊர்கிறது என்றால் வாதாடாதீர்கள், பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வலிக்கிறதா என்று கேளுங்கள். நம் பெரியவர்கள் கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள், அடக்கிவைத்த வலியும் குழப்பத்தைக் கூட்டும்.

முந்தின நாள் வரும் மயக்க டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில. ராத்திரி தூக்கத்துக்கு அல்பிரசோலம் போன்ற மாத்திரை வழக்கமா? பல வீடுகளில் பெரியவர்கள் வருஷக்கணக்கில் போட்டுக்கொள்கிறார்கள், பிள்ளைகளுக்கே தெரியாது. அதைத் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கி, வியர்த்து, புத்தி தடுமாறும், வலிப்புகூட வரலாம். குடிப்பழக்கமும் அப்படியே. ஊரில் மானம் போகும் என்று இதை மறைத்துவிட்டு, மூன்றாம் நாள் நோயாளி நடுங்கும்போது காரணம் தெரியாமல் டாக்டர்கள் தேட வேண்டியிருக்கிறது. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னால் போதும். புகையிலை, நாட்டு மருந்து, பலமான குறட்டை, முன்பு ஏதாவது ஆபரேஷனில் மயக்கம் தெளியத் தாமதமானது, காது மந்தம், சமீபத்தில் வழி மறந்துபோனது எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. திட உணவை நிறுத்த வேண்டியது குறைந்தது ஆறு மணி நேரம் முன்பு, வெறும் தண்ணீரைப் பெரும்பாலோருக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்க விடலாம் என்பதுதான் இன்றைய பொது விதி. நோன்பு பிடித்துப் பழகியவர்கள் ஒரு மடக்குத் தண்ணீரும் இல்லாமல் இருந்துவிடுவார்கள். சுகர் உள்ளவருக்கு அந்த வறட்சி நல்லதில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் எந்த நேரம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு அதன்படி செய்யுங்கள்.

இந்தக் கரையில் இதையும் சொல்லாமல் விட முடியாது. ஆபரேஷன் முடிந்து வந்தவர் ராத்திரியில் ஆள் மாறிப் பேசினால், 'ஏதோ பிடித்துவிட்டது' என்ற பேச்சு கிளம்பும். ஏர்வாடி தர்கா பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே போய் துஆ கேட்பதால் ஒரு கெடுதலும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6-ல் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 உயிர்கள் அங்கே ஒரு தனியார் காப்பகத் தீயில் போன பிறகு, மருந்தையும் துஆவையும் சேர்த்தே கொடுக்கும் அரசு ஏற்பாடு அதே தர்காவில் வந்திருக்கிறது. ஆனால் நெஞ்செலும்பு இன்னும் கூடாத ஒருவரை அங்கே தங்கவைப்பதோ கட்டிப்போடுவதோ உயிருக்கு ஆபத்து. அந்த எலும்பு கூட ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். குழப்பத்துக்குப் பின்னால் காய்ச்சலோ, உப்புக் குறைவோ, சிறுநீர்த் தொற்றோ ஒளிந்திருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடக்கூடியதை நாள் கடத்தி வளரவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்த பின்னும் சில வாரங்களுக்குக் கெட்ட கனவு, தூக்கக் கேடு, சட்டென்று அழுகை வருவது உண்டு. அதற்காக மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாத எதையும் ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டபிறகே கொடுங்கள். பகலில் முற்றத்து வெளிச்சத்தில் உட்காரவைத்து, டாக்டர் சொன்ன தூரம் நடக்கவிட்டு, மதியத் தூக்கத்தைக் குறைத்தால் ராத்திரித் தூக்கம் தானே திரும்பும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ அது டெலிரியம் இல்லை, பக்கவாதமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.